கல் சொல்வதும் நாம் சொல்லவைப்பதும்

ஆண்டுதோறும் ஜூன் 21-ஆம் நாளை ஒட்டி, இங்கிலாந்தின் ஸ்டோன்ஹெஞ்ச் கல்வட்டத்தில் ஆயிரக்கணக்கானோர் கூடிக் கதிரவன் எழுவதைக் காண்கின்றனர். அந்தக் காட்சி தொலைக்காட்சிகளில் ஒளிபரப்பாகிறது. அதற்கு மறுநாளே நம் கைப்பேசிகளில் ஒரு செய்தி சுற்றத் தொடங்கிவிடுகிறது. நம் ஊரிலும் கல்வட்டங்கள் இருக்கின்றன, அவையும் சூரியனை நோக்கியே அமைக்கப்பட்டன, நம் முன்னோர் அன்றே வானியல் ஆய்வுக்கூடம் கட்டியிருந்தனர் என்பது அச்செய்தியின் சாரம். சிலர் அதைப் பெருமிதத்துடன் பகிர்கின்றனர். சிலர் நகைத்துவிட்டுக் கடக்கின்றனர். உண்மையா எனச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்ற எண்ணம் இரு சாராருக்கும் எழுவதில்லை.

நான் தொல்லியல் படித்தவனல்லன். கல்லூரியில் பொருளியலும் அதற்குத் துணையான புள்ளியியலும் கற்பித்து ஓய்வு பெற்றவன். ஆயினும், ஒரு கல் சூரியனை நோக்கி வேண்டுமென்றே நடப்பட்டதா, தற்செயலாக அப்படி நிற்கிறதா என்பது அடிப்படையில் ஒரு புள்ளியியல் கேள்வி. அந்தக் கற்களைக் காப்பதா, உடைத்து ஜல்லியாக்குவதா என்பது பொருளியல் கேள்வி. இவ்விரண்டையும் எங்கள் திருவண்ணாமலை மாவட்டத்தை முன்வைத்து விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

எங்கள் மாவட்டத்துக் கற்கள்

திருவண்ணாமலை என்றால் வெளியூர் அன்பர்களுக்கு அண்ணாமலையார் கோயிலும் கார்த்திகைத் தீபமும் கிரிவலமுமே நினைவுக்கு வரும். ஆனால், கோயில் எழுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இம்மாவட்டத்தில் மக்கள் பெருங்கற்களை நட்டு இறந்தோரை நினைவுகூர்ந்திருக்கின்றனர். மோட்டூரில் கல்வட்டங்களுக்கு இடையே, தோள்கள் விரிந்த மனித உருவம்போல் செதுக்கப்பட்ட பெரிய பலகைக்கல் ஒன்று இருக்கிறது. அதன் உயரம் மூன்று மீட்டருக்கும் மேல். தாய்த்தெய்வம் என்று அதைக் குறிப்பிடுவோர் உண்டு. விழுப்புரம் பகுதியில் உள்ள உடையார்நத்தத்திலும் இதைப் போன்ற கல் இருக்கிறது. வந்தவாசி வட்டத்துக் கீழ்நமண்டியில் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 2023-இல் அகழாய்வு தொடங்கியது. அங்குள்ள ஈமப்பேழைப் புதைகுழி ஒன்றிலிருந்து எடுத்த மாதிரிக்குக் கிடைத்த காலம் பொது ஆண்டுக்கு முன் 1692. தமிழ்நாட்டில் இரும்பின் தொன்மை குறித்து 2025 ஜனவரியில் அரசு வெளியிட்ட அறிக்கையில் இந்தக் காலக்கணிப்பு இடம்பெற்றுள்ளது.

பெருங்கற்காலத்துக்குப் பின்னும் இம்மண்ணில் கல் நடும் மரபு தொடர்ந்தது. செங்கம் வட்டாரத்தில் கிடைத்த நடுகற்களை இரா. நாகசாமி தொகுத்து, 1972-இல் தொல்லியல் துறை வழியாக நூலாக வெளியிட்டார். நடுகல்லுக்குரிய கல்லைத் தேர்ந்தெடுப்பது, நீராட்டுவது, நடுவது, வாழ்த்துவது என்று படிப்படியான சடங்குகளைத் தொல்காப்பியம் பட்டியலிடுகிறது. கல்லை எங்கே நடுவது, எப்படி நடுவது என்பதில் அக்கறை கொண்டிருந்த சமூகம் இது. ஆகவே, எத்திசை நோக்கி நடுவது என்பதிலும் அக்கறை இருந்திருக்குமா என்று கேட்பது நியாயமான கேள்வியே.

திசையறியும் நுட்பம் தமிழர்க்குப் புதிதன்று. பத்துப்பாட்டில் ஒன்றான நெடுநல்வாடை, அரண்மனைக்கு நிலம் வகுக்கும்போது நடுப்பகலில் கோல் நட்டு, அதன் நிழலைக் கொண்டு திசை குறித்து, கயிறு பிடித்து அளந்த முறையைச் சொல்கிறது. ஆனால், அது பெருங்கற்படைச் சின்னங்களுள் மிகப் பழையவற்றுக்குப் பல நூற்றாண்டுகள் பிற்பட்டது. ஒரு காலத்தில் இருந்த அறிவை அதற்கு ஆயிரம் ஆண்டு முந்தைய காலத்துக்குச் சான்றாகக் காட்டுவது முறையாகாது. முந்தைய காலத்துக்குச் சான்று வேண்டுமெனில் அந்தக் கற்களையேதான் கேட்க வேண்டும்.

சூரியன் உதிக்கும் 48 பாகை

சூரியன் கிழக்கில் உதிக்கிறது என்று பள்ளியில் சொல்லிக் கொடுக்கிறோம். ஆண்டில் இரண்டு நாள்கள் மட்டுமே அது சரியாகக் கிழக்கில் உதிக்கிறது. மார்ச் 20, செப்டம்பர் 23 ஆகிய நாள்களை ஒட்டி வரும் சம பகலிரவு நாள்களே அவை. மார்ச்சுக்குப் பின் உதயப்புள்ளி நாள்தோறும் வடக்கே நகர்ந்து, ஜூன் 21-ஐ ஒட்டி வட எல்லையைத் தொடுகிறது. அங்கே நின்று திரும்பித் தெற்கே நகர்ந்து, டிசம்பர் 21-ஐ ஒட்டித் தென் எல்லையைத் தொடுகிறது. இவ்விரு எல்லை நாள்களையும் கதிர்த்திருப்ப நாள்கள் என்கிறோம்.

எல்லைகளுக்கு இடையிலான அகலம் ஊருக்கு ஊர் வேறுபடும். திருவண்ணாமலை 12.2 பாகை வட அட்சரேகையில் அமைந்துள்ளது. இங்கே ஜூனில் கிழக்கிலிருந்து ஏறத்தாழ 24 பாகை வடக்கிலும், டிசம்பரில் 24 பாகை தெற்கிலும் சூரியன் எழுகிறது. மொத்த வீச்சு 48 பாகை. ஸ்டோன்ஹெஞ்ச் 51 பாகை வடக்கில் உள்ளதால் அங்கே இந்த வீச்சு ஏறத்தாழ 80 பாகை. வடக்கே செல்லச் செல்லப் பருவ மாற்றம் தொடுவானத்தில் பெரிய எழுத்தில் எழுதப்படுகிறது. நம் ஊரில் சிறிய எழுத்தில் எழுதப்படுகிறது. அங்கே பொருந்தும் வாதங்களை அப்படியே இங்கே இறக்குமதி செய்ய முடியாததற்கு இது முதல் காரணம்.

ஓய்வுக்குப் பின் எனக்கு வாய்த்த பொழுதுபோக்குகளில் ஒன்று, மாடியில் ஒரே இடத்தில் நின்று உதயப்புள்ளியைக் கவனிப்பது. மேல்நிலை நீர்த்தொட்டி, ஒற்றைப் பனை, அலைபேசிக் கோபுரம் ஆகியவைதாம் என் அடையாளக் கற்கள். மார்ச் மாதத்தில் சூரியன் நாளுக்கு 0.4 பாகை நகர்வதால், இரண்டு நாள் இடைவெளியே கண்ணுக்குத் தெரிகிறது. ஜூன் இறுதியில் நிலைமை வேறு. கதிர்த்திருப்ப நாளுக்குப் பத்து நாள் முன்னும் பத்து நாள் பின்னும் உதயப்புள்ளி சூரிய வட்டின் அகலத்துக்கும் குறைவாகவே நகர்கிறது. எந்த நாளில் சூரியன் திரும்பியது என்று வெறுங்கண்ணால் சொல்வது கடினம்.

இதிலிருந்து ஒரு முடிவு கிடைக்கிறது. கதிர்த்திருப்ப எல்லையைக் கண்ணால் அறியலாம். ஆனால் நாளைத் துல்லியமாகக் குறிப்பது அரிது. சம பகலிரவு நாளில் நகர்வு வேகமாக இருப்பதால் நாளைத் துல்லியமாகக் குறிக்கலாம். ஆனால் அந்த நாளில் வானில் தனிப்பட்ட நிகழ்ச்சி எதுவும் தெரிவதில்லை. இரு எல்லைகளுக்கு நடுப்புள்ளியைக் கணித்தாலோ நாள்களை எண்ணினாலோதான் அதை அறிய முடியும். ஆதலால், ஒரு கல் சம பகலிரவு நாளைக் குறிக்கிறது என்று சொல்வது, அதை நட்டவர்களிடம் எண்ணும் மரபு ஒன்று இருந்தது என்றும் சேர்த்துச் சொல்வதாகும். அதற்குத் தனிச்சான்று வேண்டும்.

நம் பகுதிக்கே உரிய இன்னொரு நிகழ்ச்சி உண்டு. ஐரோப்பாவில் எந்நாளும் சூரியன் உச்சந்தலைக்கு நேரே வருவதில்லை. இங்கே ஆண்டுக்கு இருமுறை, ஏப்ரல் 22, 23 அளவிலும் ஆகஸ்ட் 20, 21 அளவிலும், நண்பகலில் நட்ட கோலுக்கு நிழல் விழுவதில்லை. வெப்பமண்டல மக்கள் கவனித்திருக்கக்கூடிய இந்த நாள்களைத் தேடாமல், ஸ்டோன்ஹெஞ்சைப் பார்த்து ஜூன் 21-ஐ மட்டும் தேடுவது பிறர் வீட்டுச் சாவியால் நம் வீட்டைத் திறக்க முயல்வதாகும்.

தற்செயலின் கணக்கு

இனி புள்ளியியலுக்கு வருவோம். ஒரு மேட்டில் இருபது கற்கள் சிதறிக் கிடக்கின்றன என்று கொள்வோம். ஏதேனும் இரண்டு கற்களை இணைத்து ஒரு கோடு வரையலாம். இருபது கற்களிலிருந்து இவ்வாறு 190 கோடுகள் கிடைக்கும். கோடைத் திருப்ப உதயம், குளிர்காலத் திருப்ப உதயம், சம பகலிரவு உதயம் என மூன்று திசைகள் உள்ளன. சமதளத்தில் இவற்றின் எதிர்முனைகளே மறைவுத் திசைகளாக அமையும். ஒவ்வொரு திசைக்கும் ஒரு பாகை முன்னும் ஒரு பாகை பின்னும் பிழை அனுமதித்தால், 180 பாகையில் 6 பாகை சூரியனுக்குரியதாகிறது. அதாவது முப்பதில் ஒரு பங்கு. ஆகவே, அந்த 190 கோடுகளில் ஏறத்தாழ ஆறு கோடுகள், எவருடைய நோக்கமும் இல்லாமலேயே, சூரியனைச் சுட்டும். தேடிச் செல்பவர் அந்த ஆறையும் படமெடுத்து வெளியிடுவார். மற்ற 184 கோடுகளைப் பற்றிப் பேசமாட்டார். நிலவின் எல்லைகளையும் விண்மீன்களின் உதயங்களையும் சேர்த்துக்கொண்டால் பொருத்தங்கள் இன்னும் பெருகும்.

மேலைநாடுகளிலும் இந்த விவாதம் நடந்தது. ஜெரால்ட் ஹாக்கின்ஸ் என்ற வானியலாளர் 1960-களில் கணினியின் துணையுடன் ஸ்டோன்ஹெஞ்சில் பல வானியல் கோடுகளைக் கண்டதாக அறிவித்தார். அக்கல்வட்டத்தை அகழ்ந்தாய்ந்த ரிச்சர்ட் அட்கின்சன் அதைக் கடுமையாக மறுத்தார். கோடுகளின் பெரும்பகுதி தற்செயலாகவே கிடைக்கக்கூடியவை என்பது மறுப்பின் மையம். அந்த விவாதத்துக்குப் பின் நிலைத்து நிற்பது ஒரே ஓர் அச்சு. கல்வட்டத்தின் நடுவிலிருந்து நுழைவுப்பாதை வழியாகக் கோடைத் திருப்பச் சூரியோதயத்தை நோக்கிச் செல்லும் அந்த அச்சு, எதிர்ப்பக்கத்தில் குளிர்காலத் திருப்ப அத்தமனத்தை நோக்குகிறது. அருகிலுள்ள டரிங்டன் வால்ஸ் குடியிருப்பில் கிடைத்த பன்றிப் பற்களை ஆராய்ந்தவர்கள், அவற்றில் பல குளிர்காலத்தில் அறுக்கப்பட்டவை என்று கண்டனர். கல் சொன்னதை எலும்பும் தனியே சொன்னது. அதனால்தான் அந்தக் கூற்று வலுப்பெற்றது.

அப்படியானால் எது நம்பத்தக்க சான்று? ஓர் இடத்தில் பல கோடுகளைத் தேடுவதைவிட, பல இடங்களில் ஒரே கேள்வியைக் கேட்பது சிறந்த முறை. மைக்கேல் ஹாஸ்கின் என்ற வரலாற்றறிஞர் மேற்கு மத்தியதரைக் கடல் பகுதியில் பல்லாயிரம் ஆண்டுப் பழமையான கல்லறைகளை ஊர் ஊராகச் சென்று அளந்தார். போர்ச்சுகலின் அலென்டேஜோ பகுதியிலும் அதன் சுற்றுப்புறத்திலும் ஒரே வகையைச் சேர்ந்த 177 கல்லறைகள், ஒன்றுகூட விலகாமல், சூரியன் உதிக்கும் வீச்சுக்குள்ளேயே வாயில் கொண்டிருப்பதைக் கண்டார். தற்செயல் என்று அதை ஒதுக்க இயலாது.

இதே கணக்கை நம் ஊருக்கும் போடலாம். நம் உதய வீச்சு 48 பாகை. முழு வட்டத்தில் ஏழரையில் ஒரு பங்கு. ஒரு கற்பதுக்கையின் இடுதுளை அதற்குள் விழுவது வியப்பன்று. தொடர்பற்ற பத்துக் கற்பதுக்கைகளின் இடுதுளைகளும் அதற்குள் விழுந்தால், தற்செயலாக அப்படி நேரும் வாய்ப்பு ஏறத்தாழ 56 கோடியில் ஒன்று. கர்நாடகத்தின் பிரம்மகிரியில் 1947-இல் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்த கற்பதுக்கைகளில் இடுதுளை கிழக்குப் பக்கப் பலகையில் அமைந்திருந்ததைப் பதிவு செய்தார். தென்னிந்தியாவில் வேறு பல இடங்களிலும் கிழக்கு நோக்கிய அமைப்பு காணப்படுகிறது. உதிக்கும் திசைக்கும் இறந்தோருக்கும் தொடர்பு இருப்பதாக அம்மக்கள் எண்ணினர் என்று கொள்ள இது இடம் தருகிறது. ஆனால், ஒன்றைக் கவனிக்க வேண்டும். உதயத்தை நோக்கிக் கல்லறை அமைப்பது சமயம் சார்ந்த வழக்கம். ஆண்டின் நாளைக் கண்டறிய உதவும் கருவி அமைப்பது வானியல். முன்னதற்குச் சான்று இருப்பதால் பின்னதும் நிறுவப்பட்டுவிட்டது என்று ஆகாது.

கண்டறியப்பட்டவை

தென்னிந்தியாவில் பின்னதற்கும் சான்று உண்டு. கர்நாடகத்தின் சிவமொக்கா மாவட்டத்தில் நிலஸ்கல், பைசே, ஹெர்கல், மும்பாரு ஆகிய இடங்களில் நெடுங்கற்கள் கூட்டமாக நடப்பட்டுள்ளன. ஸ்ரீகுமார் மேனன், மயங்க் வாகியா, கைலாஷ் ராவ் ஆகியோர் அவற்றை அளந்து, கதிர்த்திருப்ப நாள்களில் சூரியன் எழும், மறையும் புள்ளிகளை நோக்கிய பார்வைக்கோடுகள் அங்கு வேண்டுமென்றே அமைக்கப்பட்டிருப்பதாகக் கரண்ட் சயின்ஸ் இதழில் எழுதினர். ஒரே பாணியிலான அமைப்பு ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் திரும்ப வருவதுதான் அந்த ஆய்வின் வலிமை.

தெலங்கானாவின் நாராயண்பேட்டை மாவட்டத்தில் கிருஷ்ணை ஆற்றங்கரையில் முதுமல் என்ற ஊர் உள்ளது. அங்குள்ள நெடுங்கற்களையும், அவற்றுக்கிடையே வரிசையாக நடப்பட்ட சிறு கற்களையும் வானியலாளர் என். காமேஸ்வர ராவ் குழுவினர் ஆராய்ந்து, கதிர்த்திருப்பங்களோடும் சம பகலிரவு நாள்களோடும் அவற்றைத் தொடர்புபடுத்தினர். 2025-இல் அந்த இடம் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இந்தியாவின் சார்பில் சேர்க்கப்பட்டது. ஜார்க்கண்டின் ஹசாரிபாக் அருகே பங்க்ரி பர்வாடியில் இரு நெடுங்கற்களுக்கு இடையிலுள்ள பிளவின் வழியே சம பகலிரவு நாளின் உதயத்தைக் காண இப்போதெல்லாம் மக்கள் கூடுகின்றனர்.

உலகின் மிகத் தெளிவான சான்று அயர்லாந்தின் நியூகிரேஞ்ச் கல்லறை மேடு. பொது ஆண்டுக்கு முன் 3200 அளவில் கட்டப்பட்டது. வாயிலுக்கு மேல் தனியே ஒரு சிறு திறப்பு அமைத்திருக்கின்றனர். டிசம்பர் கதிர்த்திருப்பத்தை ஒட்டிய நாள்களில் மட்டும், சூரியோதயத்தின்போது ஒளிக்கற்றை அதன் வழியே நுழைந்து உள்ளறையைத் தொட்டு, 17 நிமிடங்கள் நின்று விலகுகிறது. அகழாய்வாளர் எம்.ஜே. ஓ'கெல்லி 1967 டிசம்பரில் உள்ளே அமர்ந்து அதைக் கண்டார். ஒளி வருவதற்கென்றே ஒரு திறப்பு. வேறு எப்பயனும் அதற்கில்லை. தற்செயலுக்கு அங்கே இடமில்லை.

தமிழ்நாட்டின் கல்வட்டங்களும் கற்பதுக்கைகளும் இவ்வரிசையில் சேருமா? சேரலாம், சேராமலும் போகலாம். விடையை ஆர்வம் முடிவு செய்யக் கூடாது, அளவீடு முடிவு செய்ய வேண்டும்.

ஒரு பொருளியலாளனுக்கு இயல்பாக எழும் கேள்வி, அக்கால மக்களுக்கு இதன் தேவை என்ன என்பது. நிலவைக் கொண்டு மாதம் எண்ணினால் பன்னிரண்டு மாதத்துக்கு 354 நாள்களே ஆகின்றன. பருவம் திரும்ப 365 நாள்கள் வேண்டும். ஆண்டுக்கு 11 நாள் வீதம் மாதம் பருவத்தைவிட்டு விலகும்; மூன்றே ஆண்டுகளில் விதைப்பு மாதம் ஒரு மாதம் பிசகிவிடும். தொடுவானத்தில் சூரியன் திரும்பும் புள்ளியைக் கவனிப்பது இந்தப் பிசகைத் திருத்தும் எளிய வழி. மழையை நம்பி வாழும் சமூகத்துக்கு அதன் மதிப்பு சிறிதன்று. விண்மீன்களை வைத்து ஆண்டை எண்ணினாலும் பிசகு நேரும் என்பதற்கு நம் பஞ்சாங்கமே சான்று. உத்தராயணத் தொடக்கமாக நாம் தை முதல் நாளைக் கொண்டாடுகிறோம். வானில் சூரியன் வடக்கு நோக்கித் திரும்புவதோ அதற்கு 24 நாள்களுக்கு முன்பே நிகழ்ந்துவிடுகிறது. இரண்டும் ஒன்றாக இருந்து ஏறத்தாழ 1,700 ஆண்டுகள் ஆகின்றன.

கல்லும் மலையும்

அளவீடு என்றால் கைப்பேசித் திசைகாட்டியைக் கல்லின்மேல் வைத்துப் பார்ப்பதன்று. காந்த வடக்கும் உண்மை வடக்கும் ஒன்றல்ல. எங்கள் மாவட்டத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. கவுத்திமலை, வேடியப்பன் மலை ஆகியவற்றில் காந்த இரும்புத்தாது படிந்திருக்கிறது. அத்தகைய பாறைகளின் அருகே திசைகாட்டி முள் நம்பத்தக்கதல்ல. சூரியனையே அளந்து திசை காண்பதுதான் வழி.

அடுத்து, தொடுவானம். கணக்கில் வரும் தொடுவானம் கடல்போல் தட்டையானது. கண்முன் உள்ளதோ மலையும் மரமும் நிறைந்தது. அண்ணாமலையையே எடுத்துக்கொள்வோம். மலையுச்சி நகரத் தரையிலிருந்து 600 மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கிறது. மலைக்கு மேற்கே, உச்சியிலிருந்து 2 கிலோமீட்டர் தொலைவில் நிற்பவருக்கு அது ஏறத்தாழ 17 பாகை உயரத்தில் தெரியும். அவருக்குச் சூரியன் ஒரு மணி நேரத்துக்கும் மேல் தாமதமாகவே மலைக்குப் பின்னிருந்து எழும். அதற்குள் சூரியன் சாய்வாக மேலேறித் தெற்கே ஏறத்தாழ 4 பாகை நகர்ந்திருக்கும். தொடுவானத்தின் வடிவத்தைக் கணக்கில் கொள்ளாத எந்தக் கூற்றும் இந்த அளவுக்குப் பிழைபடலாம்.

காலமும் சிறிது இடம் மாற்றியிருக்கிறது. புவியின் அச்சுச் சாய்வு மெல்லக் குறைந்து வருகிறது. கீழ்நமண்டியின் ஈமப்பேழை புதைக்கப்பட்ட காலத்தில் கதிர்த்திருப்ப உதயப்புள்ளி இன்றைவிட ஏறத்தாழ அரைப் பாகை, அதாவது ஒரு சூரிய வட்டின் அகலம், வெளியே தள்ளி இருந்தது. விண்மீன்களின் நிலையோ இதைவிடப் பன்மடங்கு மாறிவிட்டது. ஆதலால், இன்று இந்த விண்மீன் இந்தக் கல்லின்மேல் எழுகிறது என்பதால் அன்றும் அப்படியே எழுந்தது என்று சொல்ல முடியாது. இவ்வகையில் சூரியனே நேர்மையான சாட்சி.

இந்த விளக்கங்களிலிருந்து ஒரு முக்கியமான உண்மை புலப்படுகிறது. ஒரு பார்வைக்கோட்டுக்கு இரண்டு முனைகள் உண்டு. ஒரு முனை கல். மறுமுனை தொடுவானத்து மலைமுகடு. கல்லை அகற்றினால் சான்று அழியும் என்பது எவருக்கும் தெரியும். கல்லை அப்படியே விட்டுவிட்டு, ஐந்து கிலோமீட்டர் தொலைவிலுள்ள மலைமுகட்டை வெட்டியெடுத்தாலும் அதே சான்று அழியும் என்பது பலருக்குத் தோன்றுவதில்லை.

சட்டமும் இதைக் கருதவில்லை. தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நினைவுச்சின்னங்களுக்கான 1958-ஆம் ஆண்டுச் சட்டம், 2010 திருத்தத்தின்படி, சின்னத்தைச் சுற்றி 100 மீட்டரைத் தடை செய்யப்பட்ட பகுதியாகவும் அதற்கு அப்பால் 200 மீட்டரை ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதியாகவும் வகுக்கிறது. இந்த வட்டம் கட்டடத்தைக் காக்கும்; காட்சியைக் காக்காது. மாநில அரசின் 1966-ஆம் ஆண்டுச் சட்டம் பாதுகாக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்ட சின்னங்களுக்கு அரணாக உள்ளது. ஆனால், வயல்களிலும் புறம்போக்குகளிலும் கிடக்கும் கல்வட்டங்களில் பல எந்தப் பட்டியலிலும் இல்லை. நிலத்தைச் சமன்படுத்தும் உழவருக்கு அவை இடையூறு. மனை பிரிப்பவருக்கு இழப்பு. ஜல்லி அறுப்பவருக்கு மூலப்பொருள்.

திருவண்ணாமலை மக்களுக்கு இதை விளக்க நெடுநேரம் தேவையில்லை. கார்த்திகை மாதத்தில், கிருத்திகை விண்மீனை நிலவு சேரும் நாளில், மாலையில் மலையுச்சியில் தீபம் ஏற்றப்படுகிறது. சுற்றுவட்டார ஊர்களில் வீட்டு வாசலில் நின்றே அதைக் கண்டு வணங்குகிறோம். மலையுச்சியைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, அதைப் பார்க்கும் திசைகளை எல்லாம் உயர்ந்த கட்டடங்களால் மறைத்துவிட்டால், தீபம் காப்பாற்றப்பட்டது என்று சொல்வோமா? எண்திசை லிங்கங்களைக் கிரிவலப் பாதையில் அமைத்து, ஒரு மலையையே திசைகளின் வரைபடமாக மாற்றிய ஊர் இது. காட்சிக்கும் இடத்துக்கும் உள்ள உறவு எங்களுக்கு அந்நியமன்று.

பொருளியலில் இதற்கு ஒரு கருத்து உண்டு. பர்டன் வைஸ்பிராட் 1964-இல், இன்று பயன்படுத்தாத ஒன்றை நாளை பயன்படுத்தும் வாய்ப்பைத் தக்கவைத்துக்கொள்வதற்கே ஒரு மதிப்பு உண்டு என்று எடுத்துரைத்தார். மூன்றாண்டுகளுக்குப் பின் ஜான் குருட்டில்லா, மீட்க இயலாத இயற்கைச் செல்வங்களுக்கு இந்தச் சிந்தனையை விரிவுபடுத்தினார். கருங்கல் ஜல்லிக்கு மாற்று உண்டு. வேறு மலையிலிருந்தும் எடுக்கலாம், ஆலையில் அரைத்த மணலைப்போல் புதிய வழிகளும் வரலாம். ஒரு கல்வட்டமும் அதன் தொடுவானமும் சேர்ந்த காட்சிக்கு மாற்று இல்லை. மீட்க முடியாத இழப்பையும் ஈடுசெய்யக்கூடிய ஆதாயத்தையும் ஒரே தராசில் நிறுப்பது பிழையான கணக்கு. குவாரி உரிமத்தால் வரும் வருவாய் அரசின் கணக்கில் ஏறுகிறது. அழியும் சான்றின் மதிப்பு எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. விலை குறிக்கப்படாத பொருளைச் சந்தை காக்காது. சமூகம்தான் காக்க வேண்டும்.

செய்யக்கூடியவை

இதற்குப் பெருஞ்செலவு தேவையில்லை. நான்கு செயல்களை முன்மொழிகிறேன்.

முதலாவது, மாவட்டம் முழுவதிலும் உள்ள கல்வட்டங்கள், கற்பதுக்கைகள், நெடுங்கற்கள் ஆகியவற்றைக் கல்லூரி மாணவர்களைக் கொண்டு பதிவு செய்ய வேண்டும். பொறியியல் கல்லூரிகளின் நில அளவை ஆய்வகங்களில் டோட்டல் ஸ்டேஷன் கருவிகள் இருக்கின்றன. இயற்பியல், கணிதம், வரலாறு ஆகிய துறைகள் சேர்ந்தால் ஒரு பருவத்துக்குள் ஒரு வட்டத்தை முடிக்கலாம். கல்லின் இருப்பிடம், இடுதுளையின் திசை, தொடுவானத்தின் வடிவம் ஆகிய மூன்றும் பதிவாக வேண்டும்.

இரண்டாவது, அகழாய்வு தொடங்கும் முன்பே இப்பதிவு முடிந்திருக்க வேண்டும். அகழ்வது என்பது ஒருவகையில் அழிப்பதே. பலகைக்கல்லை ஒருமுறை எடுத்துவிட்டால் அதன் திசை ஏட்டில் மட்டுமே வாழும். ஏட்டில் அது இல்லையெனில் எங்குமே இல்லை.

மூன்றாவது, கல் குவாரிக்கோ கனிமச் சுரங்கத்துக்கோ அனுமதி வழங்கும்போது, அந்த மலைமுகடு ஏதேனும் தொல்சின்னத்தின் தொடுவானமாக அமைகிறதா என்ற கேள்வியையும் படிவத்தில் சேர்க்க வேண்டும். கவுத்தி–வேடியப்பன் மலைகளில் இரும்புத்தாது எடுக்கும் திட்டம் வந்தபோது மக்கள் வாழ்வாதாரத்தையும் காட்டையும் வழிபாட்டையும் முன்னிறுத்தி எதிர்த்தனர். தொல்லியல் காட்சியும் அத்தகைய பொது நலன்களுள் ஒன்றாக எண்ணப்பட வேண்டும்.

நான்காவது, எதிர்மறை முடிவுகளையும் வெளியிட வேண்டும். நூறு கல்வட்டங்களை அளந்து, அவற்றுக்கும் சூரியனுக்கும் தொடர்பில்லை என்று தெரிந்தால் அதுவும் அறிவே. தொடர்பில்லாததால் நம் முன்னோரின் தகுதி குறைந்துவிடாது. பல டன் எடையுள்ள பலகைக்கல்லைப் பாறையிலிருந்து பிளந்து, இழுத்துவந்து, நிமிர்த்தி நிறுத்துவதற்குப் பலரின் உழைப்பும், அத்தனை பேருக்கும் உணவளிக்கும் உபரி விளைச்சலும், அவர்களை ஒருங்கிணைக்கும் தலைமையும் தேவை. இறந்த ஒருவருக்காக ஓர் ஊரே அவ்வளவு உழைத்தது என்பதே போதுமான பெருமை. அதன்மேல் நாம் ஒட்டவைக்கும் பெருமை அவர்களுக்குத் தேவைப்படுவதில்லை.

சான்றின்றிப் பாராட்டுவதும் சோதிக்காமல் இகழ்வதும் கற்களுக்கு ஒரே அளவு தீங்கு செய்கின்றன. இரண்டுமே அவற்றை அளக்கவிடாமல் தடுக்கின்றன. அளக்கப்படாத கல் பதிவேட்டில் இல்லை. பதிவேட்டில் இல்லாத கல்லை எவரும் எடுத்துச் செல்லலாம். டிசம்பர் கதிர்த்திருப்பமும் ஜூன் கதிர்த்திருப்பமும் ஆண்டு தவறாமல் வரும். கல்லும் மலைமுகடும் அவ்வாறு திரும்ப வருபவை அல்ல. அடுத்த கதிர்த்திருப்ப நாளின் விடியலில், ஒவ்வொரு கல்லூரியிலிருந்தும் பத்து மாணவர்கள் தம் வட்டாரத்துக் கல்வட்டத்தின் அருகே கருவியோடு நின்றால், நம் தலைமுறை செய்ய வேண்டிய கடமையில் பாதி நிறைவேறிவிடும். மீதிப் பாதி, அவர்கள் கொண்டுவரும் ஏட்டை மதித்து நடக்கும் அரசு அலுவலகங்களின் கையில் இருக்கிறது.